முடிவெட்டும் கடைக்காரர்

எங்கள் லயத்தில் யார் வயதைக் கேட்டாலும் ‘ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னாடி’, ‘அதுக்கு அப்புறம்’ என்றுதான் பதில் வரும். 1941 டிசம்பரில் தொடங்கிய அந்த மூன்றரை வருஷம்தான் கேமரன் மலைக்குக் காலண்டர். ரஸ்ஸல் துரை 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். பாட்டி கொழுந்துக் கூடையின் வாரை நெற்றியில் இழுத்து மாட்டிக்கொண்டே பேசுவாள். மரவள்ளிக்கிழங்கு வரும், செல்லாமல் போன வாழைமர நோட்டு வரும். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துப்போன தம்பியிடம் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

ஆனால் மூத்த பிள்ளையை அவள் படம் பிடிக்கவைத்ததே ஒரு ஜப்பான்காரரிடம்தான். சண்டைக்கு முன்னால், கீழே தாப்பாவில். அழுத பிள்ளையைச் சிரிக்கவைக்க, கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பூனை மாதிரி கத்தினாராம். “அவரு நல்ல மனுசன்டா, அவனுங்க வேற.”

போருக்கு முந்திய மலாயா டவுன்களில் ஜப்பானியர் படக்கடையும் பல் வைத்தியமும் சகஜம். அதற்கும் முன்னால் வந்தவர்கள் எல்லாரும் உத்தமர்கள் இல்லை. சிங்கப்பூரில் விபசார விடுதி நடத்திய ஃபுத்தாகி தகாஜிரோ, நாதியற்றுச் செத்த ஜப்பானியப் பெண்களைப் புதைக்க 1891இல் தன் நிலத்தையே கொடுத்தார். புண்ணியமா, குற்ற உணர்ச்சியா?

கேமரனில் ஜப்பானியர் என்றால் படித்தவர்கள் எழுத்தாளர் டான் துவான் எங்கின் நாவலில் வரும் அரிதோமோவைச் சொல்வார்கள். அவர் கற்பனை, அதுவும் சக்கரவர்த்தியின் தோட்டக்காரர். எனக்குக் கோலா திரங்கானுவில் கத்தரிக்கோல் பிடித்தவர்தான் நெருக்கம். 1911இல் ஃபுக்குவோக்காவில் பிறந்த தானி யுத்தாக்காவைக் கைக்குழந்தையாகத் தூக்கிவந்து அங்கே முடிவெட்டும் கடை போட்ட தகப்பன். சவரக்கத்திக்கு ஊர்க்காரன் நம்பிக் கழுத்தைக் கொடுக்க வேண்டும்; கொடுத்தார்கள். மகன் மலாய்ப் பிள்ளைகளோடு மலாய் பேசி வளர்ந்தான்.

1933இல், மஞ்சூரியாவில் ஜப்பான் செய்ததற்காகக் கொதித்துப்போன சீனக் கும்பல் ஒன்று அவனுடைய சின்னத் தங்கையைக் கொன்றது. அப்போது ஜப்பானில் இருந்த தானி திரும்பிவந்து கொள்ளைக்காரனானான். பெயர் ‘ஹரிமாவ்’, புலி. பிறகு ஜப்பான் ராணுவத்தின் மேஜர் ஃபுஜிவாராவின் உளவு அமைப்பு அவனைச் சேர்த்துக்கொண்டது. 1942 பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க்கில், சரணடைந்த இந்தியச் சிப்பாய்களிடம் பேசிய அதே ஃபுஜிவாரா.

பாட்டி இரண்டாகப் பிரித்துவைத்த ஜப்பான்காரர்கள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள், அப்பனும் மகனுமாக.

1942 மார்ச்சில் மலேரியா தானியைக் கொண்டுபோனது. மறுவருஷமே ஜப்பானில் அவனைப் புலியாக்கிப் படம் எடுத்துவிட்டார்கள். அப்பன் கடையில் படம் எடுக்க என்ன இருக்கிறது?