அச்செடுத்த ஒரு மடல்

2000-ஆம் ஆண்டில், திண்டுக்கல் பேருந்து நிலையத்தருகே மாடிப்படியின் கீழிருந்த சிறு கடையொன்றில்தான் நாங்கள் முதன்முதலாக இணையத்தைக் கண்டோம். வளைகுடா சென்ற மகன், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவான். கடைக்காரத் தம்பி அதனை உரக்கப் படிப்பார். எங்கள் வீட்டுச் செய்தி கடை முழுவதும் கேட்கும்!

அந்நாளில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தைப் பற்றியே பேச்சு. 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் இந்திய இணைய நிறுவனம் அது. மறுமாதமே ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டு தளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. எங்களூர்ப் பூட்டுத் தொழிலாளர் இரும்பையும் கைவேலையையும் எண்ணி விலை சொல்வர். இங்கோ, இனி வரப்போகும் கூட்டத்தை எண்ணி விலை வைத்தனர். இலாபம் காணாத நிறுவனங்கள் பல, பங்கு விற்ற பணத்திலேயே காலந்தள்ளின. 2000 மார்ச்சில் 5,048-ஐத் தொட்ட நாஸ்டாக் குறியீடு, 2002 அக்டோபரில் 1,114-ஆகச் சரிந்தது. சத்யம் இன்ஃபோவேயின் பங்கும் வீழ்ந்தது; ஆயினும் அந்நிறுவனம் சிஃபி என்னும் பெயரில் இன்றும் இயங்குகின்றது.

எங்கள் மடல்களைத் தாங்கிய இலவச அஞ்சல் நிறுவனத்திற்கு அப்பேறு கிட்டவில்லை. ஒருநாள் அது மூடப்பட்டது. மகனின் ஈராண்டு மடல்களும் உடன் மறைந்தன. முதல் மடலை மட்டும் தம்பி அச்செடுத்துத் தந்திருந்தார். அதற்கான காசு வீண் என்று அன்று முணுமுணுத்தோம். மாங்காய்ப் பூட்டிட்ட தகரப் பெட்டியில் அத்தாள் இருக்கின்றது. மைதான் மங்கி வருகின்றது.