டெட்ராய்ட்: கடனுக்காக எழுந்த சுவர்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், வடக்கு எல்லையான எட்டு மைல் சாலைக்குச் சற்றுத் தெற்கே, வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி ஒரு சுவர் ஓடுகிறது. உயரம் சுமார் ஆறடி. கனம் ஓரடி. நீளம் அரை மைல். பூங்காவை ஒட்டிய பகுதியில் மட்டும் 2006இல் தீட்டப்பட்ட வண்ண ஓவியங்கள். பேருந்தில் ஏறும் ரோசா பார்க்ஸும் அவற்றில் உண்டு. மற்ற இடமெல்லாம் வெறும் கான்கிரீட்.

சுவர் எழுந்தது 1941இல். கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்தார் ஒரு மனை வியாபாரி. கடனுக்கு உத்தரவாதம் தர மத்திய வீட்டுவசதி நிர்வாகம் மறுத்தது. பக்கத்தில் கறுப்பர் இருந்தால் சொத்து மதிப்பு சரியும் என்பது அரசின் கணக்கு. நடுவே சுவர் வைத்ததும் உத்தரவாதம் கிடைத்தது.

ஏறிக் குதிக்கக்கூடிய சுவர்தான். அது ஆளைத் தடுக்கவில்லை, கடனைத் தடுத்தது.

வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டை 1968இல் சட்டம் தடை செய்தது. வெள்ளையர்கள் எட்டு மைல் சாலையைத் தாண்டிப் புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். இன்று சுவரின் இருபுறமும் வசிப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள்.

ஆனால் நடுத்தர அமெரிக்கக் குடும்பத்துக்கு வீடுதான் பெரிய சேமிப்பு. பிள்ளையின் கல்லூரிச் செலவும் முதுமையும் அதை நம்பித்தான். தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட கடன், பேரனுக்கு வந்து சேராத சொத்து. நாடு முழுவதும் வெள்ளையர் குடும்பங்களில் 100க்கு 70க்கு மேல் சொந்த வீட்டில் வாழ்கின்றன. கறுப்பரில் பாதிகூட இல்லை.

சுவருக்கு இன்று வேலையில்லை. அது செய்த வேலை இன்னும் முடியவில்லை.