இது உங்க கதை, டீச்சர்

நான் ஒரு பெண்ணைப் படிக்க வைத்தேன். பிறகு அதற்கு விலை கேட்டேன். இதுதான் நான் செய்த தவறு. என்னை நல்ல டீச்சர் என்று சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அத்திபெலே கர்நாடகத்தில் ஆனேக்கல் தாலுகாவின் எல்லை ஊர். நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஜூஜூவாடி, தமிழ்நாடு. தெருவில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் புழங்கும். ஓசூரில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், வீட்டு முன்னறையில் புத்தகங்களை அடுக்கிவைத்துக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவந்தேன். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். அவர்களில் ஒருத்தி பிளஸ் டூவோடு நின்றவள். எடுத்துப்போன புத்தகத்தை அடுத்த வாரமே முடித்துவிட்டு, அதைப் பற்றிச் சண்டையும் போடுவாள். அவளை அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழில் சேர்த்துவிட்டேன். பணம் நான்தான் கட்டினேன்.

அவளுக்கு ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைக் கொடுத்தேன். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழை நாளில் காரில் ஏற்றிக்கொண்டவனால் சிதைக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் என்னவாகும் என்று கேட்கிறது நாவல். 1972-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

நாவலில் அந்தப் பெண்ணின் பெயர் கங்கா. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட அவளைப் படிக்க வைப்பவர் வெங்கு மாமா. அவர் இல்லாவிட்டால் அவளுக்குப் பட்டமும் இல்லை, உத்தியோகமும் இல்லை. ஆனால் அந்த உதவியைச் சாக்காக வைத்து அவர் அவள் மேலேயே உரிமை கொண்டாடப் பார்க்கிறார். எழுத்தாளர் ஆர்.கே.வி. வேறு மாதிரி. தன் வாழ்க்கை இன்னொரு விதமாகவும் போயிருக்கலாம் என்பதைக் கங்கா அவர் எழுதிய கதையில்தான் பார்க்கிறாள். அவளுடைய தேடல் அங்கிருந்து தொடங்குகிறது. அவர் அவளிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

இந்த வித்தியாசத்தை என்னிடம் படித்த அந்தப் பெண்ணுக்கு விளக்கியவள் நான். ஆர்.கே.வி. இருக்கும் இடத்தில் என்னை வைத்துக்கொண்டுதான் விளக்கினேன்.

ஒரு நாள் அவளே ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தாள். கிராமத்துப் பெண் ஒருத்திக்கு ஒரு டீச்சர் படிப்புச் சொல்லிக்கொடுக்கிறார். அவள் படிக்கிறாள், யோசிக்கிறாள், ஒரு நாள் டீச்சரிடம் சொல்லிக்கொள்ளாமலே ஊரை விட்டுப் போகிறாள். அதோடு கதை முடிகிறது. எனக்குச் சுருக்கென்றது. சிவப்புப் பேனா எடுத்துக் கடைசிப் பக்கத்தை அடித்தேன். அந்தப் பெண் பெரிய ஆளாகித் திரும்பி வந்து டீச்சர் காலில் விழுவதாக எழுதிக்கொடுத்தேன்.

அவள் நின்றபடியே படித்தாள். “இது உங்க கதை, டீச்சர். என் கதை இல்ல” என்றாள்.

கொஞ்ச நாளில் திருப்பூரில் வேலை கிடைத்திருப்பதாகவும், பி.ஏ.வைத் தொடரப் போவதில்லை என்றும் சொன்னாள். அவள் அம்மாவும் கூட வந்திருந்தார். அந்த அம்மாவை வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: “என் காசுல படிச்சிட்டு இப்படிப் பண்றியே பாப்பா, உன்னை ஆளாக்கினதே நான்தானே!” அவள் பதில் பேசவில்லை. அந்த அம்மாதான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவள் நான். கேட்கவில்லை.

வெங்கு மாமாவின் குற்றத்தை உடம்போடு மட்டும் சேர்த்துப் பார்த்ததால் அது என்னிடம் இருப்பதை நான் அறியவில்லை. ‘நான் கொடுத்தேன், ஆகவே நீ எனக்குச் சொந்தம்’ என்பதுதான் அந்தக் குற்றத்தின் வேர். எனக்கு அவளுடைய நன்றி வேண்டியிருந்தது. அவள் வாழ்க்கைக் கதையில் முக்கியமான பாத்திரம் நானாக இருக்க வேண்டியிருந்தது. அவள் தன்னைக் கண்டுகொள்ள வேண்டும் என்று வாயால் சொன்னேன். கண்டுகொண்டவள் என்னைப் போல இல்லாதபோது பொறுக்கவில்லை.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில், சமையலறை ஆட்சியே தன் பலம் என்று வாழ்ந்த ஜீஜி நோயில் கிடக்கும்போது, மருமகள் மீனாட்சி பக்கத்தில் இருந்து பேசுகிறாள். அது பலமில்லை என்கிறாள். பேச்சோடு அவள் வேலை முடிகிறது. பலனைக் கேட்டு நிற்பதில்லை. அந்தக் கதையையும் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், என்னைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று கேட்காமலே.

இப்போதும் பெண்கள் புத்தகம் வாங்க வருகிறார்கள். படித்ததைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேட்கிறேன், திருத்துவதில்லை. யாருக்காவது பணம் கட்டினால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுகிறேன். ஆனால் இதெல்லாம் அவளுக்குச் செய்த பரிகாரம் ஆகாது. அவளிடமும் அவள் அம்மாவிடமும் நேரில் சொல்ல வேண்டியதை இங்கே முதலில் எழுதுகிறேன்: நான் கட்டியது பணம் மட்டும்தான். படித்ததும் யோசித்ததும் நீ. உன் கதைக்கு நீ எழுதிய முடிவுதான் சரி.