இருட்டிய பின் காட்டுவழி

வேட்டைக் கதை சொல்லுவோர் எல்லாரும் ஓரிடத்தில் வந்ததும் நிறுத்திக் கொள்வதைக் கவனித்திருக்கிறேன். தடம் கண்டதைச் சொல்வார்கள். மூச்சை அடக்கிக் காத்திருந்ததைச் சொல்வார்கள். வெடி தீர்ந்தது, மான் விழுந்தது என்றவுடன் கதையும் முடிந்துவிடும். விழுந்த மானோடு அவர்கள் எவ்வாறு வீடு வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. ஆனால், காட்டோரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, வேட்டை என்றதும் நினைவுக்கு வருவது அந்தத் திரும்பும் வழிதான். துப்பாக்கி பிடித்தவனின் குறி எத்தகையது என்பதை மான் அறியும். அவன் எத்தகைய மனிதன் என்பதை இருட்டிய பின் அவன் நடக்கும் நடை காட்டிவிடும்.

மான் வேட்டைக்குப் போனவன் இருட்டில் திரும்புவது அவன் விரும்பிச் செய்வதன்று. மானின் இயல்பு அப்படி. வெயில் ஏறியிருக்கும்போது புதருக்குள் ஒதுங்கி அசைபோட்டுக் கிடக்கும் விலங்கு, வெயில் தணிந்த பின்னரே உதிர்ந்த பழத்தையும் இளந்தழையையும் தேடி வெளிப்படும். எனவே அந்திதான் வேட்டைக்காரனின் நேரம். நம் நாடோ நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது. கதிரவன் மறைந்து இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனாலே வெளிச்சம் போய்விடும். அதுவும் வெட்டவெளியில்தான். மரங்கள் அடுக்கடுக்காகக் குடை பிடிக்கும் காட்டுக்குள், வெளியே கிளி பறப்பது தெரியும் வேளையிலேயே உள்ளே கைரேகை தெரியாது.

நம் காடுகளில் அந்திப் பொழுதை அறிவிக்கும் பெருஞ்சிள்வண்டு ஒன்று உண்டு. ஆறு மணிப் பூச்சி என்பார்கள். எக்காளம் ஊதுவது போன்ற அதன் குரல் ஒரு மரத்தில் எழுந்தால் அடுத்தடுத்த மரங்களிலும் எழும். அக்காலத்தில் நம் கடிகாரங்கள் இன்றைக்கு அரைமணி பின்தங்கி ஓடின. 1982 சனவரி முதல் நாள்தான் அவை முன்னே தள்ளி வைக்கப்பட்டன. ஆகவே, எங்களுக்குக் கதிரவன் மறைவது ஏறக்குறைய ஆறரை மணிக்கு. பூச்சியின் குரல் கேட்டதும் மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் புறப்படுவதற்கு மூட்டை கட்டிவிட வேண்டும் என்பது என் தாய்மாமனின் கட்டளை.

மாமா பகாங் மாநிலத்தில், பெந்தோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர். உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. மரவள்ளியையும் இளங்கன்றுகளையும் அழிக்க வரும் காட்டுப்பன்றியை விரட்டுவதற்காக வாங்கியது அது. ஆண்டுக்கு ஓரிரு முறை மானுக்கும் போவார். வழிகாட்டியாக வருபவர் தெமுவான் ஓராங் அஸ்லி முதியவர் ஒருவர். 'தோக்' என்று அழைப்போம். மலாயில் தாத்தா என்பதற்கு வழங்கும் மரியாதைச் சொல். அவரிடம் துப்பாக்கி கிடையாது. இடுப்பில் ஒரு பாராங் கத்தி, தோளில் ஒரு கோணிப்பை, அவ்வளவே. காட்டுக்குள் போகும் வரை கிராணி ஐயா முன்னே நடப்பார். போன பிறகு தோக்தான் தலைவர். மாமா அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

திரும்பும் வழிக்குத் தோக் வகுத்த நெறிகள் சில. முதலாவது, துப்பாக்கியை மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். "புலி வந்தால் என்ன செய்வது?" என்று நான் கேட்டபோது, "புலி வருவது பத்து வருடத்தில் ஒருநாள், வேரில் கால் இடறுவது பத்தடிக்கு ஒரு தரம்" என்றார். இரண்டாவது, எல்லாரிலும் மெதுவாக நடப்பவன் விளக்குக்காரனை அடுத்து நடக்க வேண்டும். அவன் நடையே கூட்டத்தின் நடை. மூன்றாவது, எவர் பெயரையும் உரக்கச் சொல்லிக் கூப்பிடக்கூடாது. பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு காடு பின்னர் அழைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. நம்பிக்கை எதுவாயினும் அதில் ஒரு பயன் இருந்தது. கூப்பாடு இல்லாத கூட்டத்தில் ஒவ்வொருவனும் முன்னே நடப்பவனின் காலடியைக் காதால் பிடித்துக்கொண்டு வருவான்.

நான்காவது நெறி விளக்கைப் பற்றியது. என் அம்மா பால்மரம் வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டும் கார்பைடு விளக்கைத்தான் நாங்கள் கொண்டு போவோம். கார்பைடுக் கட்டியின் மேல் நீர் சொட்டச் சொட்ட வாயு கிளம்பி வெள்ளைச் சுடராய் எரியும். பூண்டு நாற்றம் போல ஒரு நெடி வரும். அடர்ந்த காட்டுக்குள் ஒரே ஒரு விளக்கு, அதுவும் தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்தது, போதும் என்பார் தோக். கண் இருளுக்குப் பழகுவதற்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஒருமுறை சுடரை நேரே பார்த்துவிட்டால் அந்தப் பழக்கம் கலைந்து போகும். பழகிய கண்ணுக்கோ மட்கிய இலைகளில் படர்ந்த காளான் மினுங்குவதுகூடத் தெரியும். ஆனால், காட்டின் ஓரம் நெருங்கியதும் அவரே எல்லா விளக்குகளையும் ஏற்றச் சொல்வார். முதல் ஆளும் கடைசி ஆளும் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வரவேண்டும், பேசிக்கொண்டும் வரவேண்டும். உள்ளே விளக்கு நாம் பார்ப்பதற்கு. ஓரத்தில் விளக்கு நம்மைப் பிறர் பார்ப்பதற்கு. இந்த வேற்றுமையை அன்று நான் முழுமையாக உணரவில்லை.

மாமா உணர்ந்திருந்தார். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தை அவர் தோட்டத்திலேயே கழித்தவர். முள்வேலிக்குள் லயங்கள், அளந்து கொடுத்த அரிசி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. இருட்டிய பின் காட்டோரத்தில் அசைவது எதுவாயினும் அது பகைவன் என்று கொள்ளப்பட்ட காலம் அது. மேய்ச்சலுக்குப் போன மாட்டைத் தேடிக்கொண்டு நேரம் தவறி நின்றவனும் குண்டுக்குத் தப்புவது அரிது. "இருட்டில் விலங்கு நம்மை மனிதன் என்று அறிந்து விலகிவிடும், தம்பி. மனிதனுக்குத்தான் அது தெரியாது" என்று மாமா அடிக்கடி சொல்வார்.

1966 ஆம் ஆண்டின் இறுதி, மழைக்காலம் தொடங்கியிருந்தது. எனக்கு வயது பதினேழு. லயத்தில் ஒரு திருமண விருந்துக்கு இறைச்சி வேண்டுமென்று புறப்பட்டோம். பழம் உதிர்த்துக் கொண்டிருந்த காட்டத்தி மரமொன்றின் அருகில் காத்திருந்து, அந்தி நேரத்தில் ஓர் ஆண் கீஜாங்கை மாமா வீழ்த்தினார். கேளையாடு என்று தமிழில் வழங்கும் குரைக்கும் மான் அது. இருபது கிலோவுக்குச் சற்று மேல் இருக்கலாம். நீரோடைக் கரையில் குடலை நீக்கிவிட்டு, கால்களைச் சேர்த்துக் கட்டி, கம்பில் கோத்தோம். அப்போது தோக் தம் கோணிப்பையை உதறி, மானின் தலை முழுவதையும் அதனால் மூடிக் கயிற்றால் கட்டினார். எதற்கென்று கேட்டேன். பதில் சொல்லாமல் என் கையிலிருந்த டார்ச் விளக்கை வாங்கி, பையைச் சற்றே விலக்கி, செத்த மானின் கண்ணில் வெளிச்சத்தைக் காட்டினார். கண் பளிச்சென்று ஒளிர்ந்தது, உயிரோடு இருப்பது போலவே. மானின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. உயிர் போனவுடன் அது மங்கிவிடுவதில்லை. தோளில் தொங்கி வரும் அந்தக் கண்ணைத் தொலைவிலிருந்து விளக்கடித்துப் பார்ப்பவன், அதற்குப் பக்கத்தில் மனிதத் தோள் இருப்பதை எங்கே காணப் போகிறான்?

மாமா தோட்டாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். தோக் விளக்கோடு முன்னே நடந்தார். கம்பின் இருமுனையிலும் மாமாவும் நானும். ஓடையின் ஒலியை இடக்காதில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தோம். பிரம்பு முள் சட்டையைப் பற்றும். நின்று, பின்வாங்கி, விடுவித்துக்கொண்டு நடப்போம். அட்டைகளைப் பிடுங்குவதற்குக் கை இல்லை. காட்டோரம் நெருங்க நெருங்க ஓடையின் ஒலி அகன்றது. அதன் இடத்தில் மழையின் ஒலி வந்தது. நூறடி நடப்பதற்குள் கொட்டத் தொடங்கி, கார்பைடுச் சுடரை அணைத்துவிட்டது. டார்ச் விளக்கும் நீர் புகுந்து செயலற்றுப் போயிற்று.

ஓரம் ஐம்பது கெஜத்துக்குள் இருந்தது. அதற்கப்பால் மரவள்ளிக் கொல்லை. அதற்கப்பால் தோட்டத்துச் செம்மண் சாலை. இந்தச் சிறு தொலைவை இருட்டிலேயே கடந்துவிடலாம் என்று எவருக்கும் தோன்றும். தோக் ஓரடியும் வைக்க விடவில்லை. மானைத் தரையில் இறக்கச் சொன்னார். எங்களைப் பெரிய மரமொன்றின் வேர்ப்பலகைக்குப் பின்னே உட்கார வைத்தார். விளக்கை மார்போடு அணைத்து, சட்டையால் துடைத்து, மூடியைத் திருகத் தொடங்கினார்.

அப்போதுதான் கொல்லைப் பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. புதர்களைத் தடவிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. எங்கள் பக்கம் வந்து, கோணி மூடிய தலையின் மேல் ஒரு கணம் நின்று, அப்பால் போயிற்று. மீண்டும் திரும்பி வந்தது. மழைக்கிடையே ஒரு சிறு ஓசை. மடித்த துப்பாக்கியை நிமிர்த்தி மூடும் ஓசை அது. அதை அறியாதவர் எங்கள் மூவரில் எவரும் இல்லை.

"ஓராங்! ஓராங்!" என்று தோக் அலறினார். மலாயில் அதற்கு மனிதர் என்பது பொருள். "நாங்க ஆளுங்கப்பா! சுடாதே!" என்று மாமா தமிழில் கத்தினார். நான் பாராங் கத்தியை எடுத்துக் கார்பைடுத் தகர டப்பாவில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். தகரம் தட்டும் விலங்கு காட்டில் இல்லையன்றோ! வெளிச்சம் நடுங்கியது, பிறகு தரையை நோக்கித் தாழ்ந்தது.

மரவள்ளிக்குக் காவலிருந்த பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் ஒருவர் அவர். புதர் அசைந்ததைக் கேட்டுப் பன்றியென்று எண்ணியிருக்கிறார். அருகில் வந்து எங்களைக் கண்டதும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "விரல் வைச்சிட்டேன் அண்ணே, விரல் வைச்சிட்டேன்" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் வரவில்லை. மாமா அவர் தோளில் கை வைத்து, தம் பெயரைச் சொன்னார். என் பெயரைச் சொன்னார். காட்டுக்குள் எவர் பெயரும் சொல்லலாகாது என்ற தோக், அன்று தம் பெயரையும் தாமே சொன்னார். அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அந்த மனிதரும் தம் பெயரைச் சொல்லி, எங்கள் மூன்று பெயர்களையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

விளக்கை ஏற்றிக்கொண்டு நால்வராகச் சாலைக்கு வந்தோம். மானின் ஒரு தொடையை வெட்டிக் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் தாம் தூக்கிக்கொண்டு வந்த ஒரு சுமை மரவள்ளிக் கிழங்கை எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அதன் பிறகு, காட்டோரத்தில் காவலிருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பாமல் மாமா வேட்டைக்குப் புறப்பட்டதில்லை.

தோக்கும் மாமாவும் இன்று இல்லை. அவர்கள் செய்த வேட்டையும் இன்று இல்லை. தீபகற்ப மலேசியாவில் கடமானும் கீஜாங்கும் அருகிப் போனதால், அவற்றை வேட்டையாடுவதற்கு உரிமம் வழங்குவது 2009 ஆம் ஆண்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தண்டனைகளையும் கடுமையாக்கியது. மானை நம்பி வாழும் புலியின் நிலையோ அதனினும் இரங்கத்தக்கது. 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பு, நம் காடுகளில் எஞ்சியவை 150க்கும் குறைவு என்று காட்டியது. இந்நிலையில் வேட்டை நின்றதற்காக நான் வருந்தவில்லை. கம்பில் தொங்கிய அந்தக் கீஜாங்கின் கண்ணை எண்ணும்போது, அது நின்றது நன்றென்றே படுகிறது.

ஆயினும், அந்த நடை கற்பித்ததை இழந்துவிடலாகாது என்று எண்ணுகிறேன். இன்று துப்பாக்கி இல்லாமல் மலையேறப் போகும் இளைஞர் பலர். அவர்களுக்கும் அந்தி அதே வேகத்தில்தான் வருகிறது. பிந்தியவனை விட்டுவிட்டு விரைந்து இறங்கும் கூட்டத்தையும், கடைசி ஆளிடம் விளக்கு இருக்கிறதா என்று பாராத தலைவனையும் காணும்போது எனக்குத் தோக்கின் நினைவு வருகிறது. காட்டில் பெரிய ஆபத்து புலியோ யானையோ என்று எண்ணுகிறோம். அவற்றுக்கு அஞ்சி, ஒன்றையொன்று அறியாத மனிதர் இருவர் இருட்டில் எதிர்ப்படுவதை மறந்துவிடுகிறோம். மறுபக்கத்தில் இருப்பவனும் நம்மைப் போலவே அஞ்சிக்கொண்டு நிற்கிறான். நாம் யாரென்று அவனுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. அதற்குப் பெரிய அறிவு எதுவும் வேண்டுவதில்லை. விளக்கைச் சற்று உயர்த்திப் பிடித்தால் போதும். விளக்கு இல்லையேல் வாய்விட்டுக் குரல் கொடுத்தால் போதும்.