தெர்மாகோலுக்குப் பெயின்ட்

தெர்மாகோலை உங்களுக்கு நன்றாகத் தெரியும். டி.வி. பெட்டிக்குள் வருவது, பள்ளிக்கூட புராஜெக்டில் எரிமலை ஆவது, கல்யாண மண்டபத்தில் மணமக்கள் பெயரைத் தாங்கி நிற்பது. 2017-ல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்டு, காற்றடித்துக் கரை ஒதுங்கி, தமிழ்நாட்டையே சிரிக்க வைத்ததும் இதேதான். கன அளவில் 98 சதவீதம் காற்று. பாக்கி பாலிஸ்டைரீன் என்கிற பிளாஸ்டிக்.

அதனால்தான் மாடல் விமானம் செய்கிறவர்களுக்கு இதன் மேல் காதல். பால்சா மரம் விலை அதிகம். தெர்மாகோல் பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கினால் இலவசம். நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி இழுத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டு இறக்கை வந்துவிடும். பார்க்கத்தான் சகிக்காது. குருணை குருணையாக, ஜவ்வரிசி உப்புமா போல இருக்கும். நகம் பட்டால் பள்ளம். வெயிலில் வைத்தால் நாளடைவில் மஞ்சள் தட்டி மாவாக உதிரும். ஆகவே பெயின்ட் அடிக்க வேண்டும். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

ஒரு துண்டு தெர்மாகோல் மேல் அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரை நாலு சொட்டு விட்டுப் பாருங்கள் (ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பங்கரை வேண்டாம்). ரசத்தில் விழுந்த அப்பளம் போல அமுங்கிப்போகும். உருகுவதில்லை, கரைகிறது. அசிட்டோன் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே புகுந்து பிரித்துவிட, சிறைப்பட்டிருந்த காற்று வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவது கொஞ்சம் பிசின். ஹார்டுவேர் கடையில் விற்கும் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவிலும் இதே ஜாதி கரைப்பான்கள்தான்.

எங்கள் ஃபிளாட்டில் மூன்றாவது மாடிப் பையன், ப்ளஸ் ஒன் படிக்கிறான். அப்பா துபாயில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இருபது நாள் லீவு. இந்தத் தடவை அவர் கிளம்புவதற்குள் விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டுவதாக போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டான். ஆறாம் நாள் ராத்திரி சிவப்பு ஸ்ப்ரே அடித்தான். காலையில் என்னிடம் கொண்டு வந்த இறக்கை, அம்மை போட்ட மாதிரி இருந்தது. ‘‘அங்கிள், டப்பால எதுவுமே எழுதலை’’ என்றான். கண் கலங்கியிருந்தது. எழுதித்தான் இருந்தது, எறும்பு எழுத்தில்.

முழுசாகக் கரையக்கூட வேண்டாம். இறக்கையின் மேல்பக்க வளைவு கொஞ்சம் கெட்டாலே ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் தூக்காது. புதிதாகத்தான் வெட்ட வேண்டும். வெட்டினான்.

சரியான முறை ரொம்பப் பொறுமையான முறை. முதலில் குழிகளை அடைக்க வேண்டும். சுவருக்குப் பூசும் பட்டி கனம். கண்ணாடி நுண்குமிழ் கலந்த லேசான ஃபில்லர்தான் நல்லது. காய்ந்ததும் 220, பிறகு 400 நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, அழுத்தாமல், தடவிக்கொடுப்பது போலத் தேய்க்க வேண்டும் (பறக்கும் குருணை நிலைமின்சாரத்தால் கையில், சட்டையில், பூனைமேல் எல்லாம் ஒட்டும். வீட்டம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது உத்தமம்). அப்புறம் தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் மெல்லிய டிஷ்யூ பேப்பரை ஒட்டினால் தோல் தயார். அதன்மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட். ‘கீழேதான் ஃபெவிகால் இருக்கிறதே’ என்று மேலே ஸ்ப்ரே அடிக்கிற தைரியசாலிகளும் உண்டு. ஓர் ஊசித்துளை போதும், உள்ளே குகை உண்டாகிவிடும்.

பர்ட் ரூட்டான் என்ற அமெரிக்கர் 1975-ல் பறக்கவிட்ட வாரிஈஸ் விமானத்தின் இறக்கைக்குள்ளும் பாலிஸ்டைரீன் நுரைதான், மேலே கண்ணாடியிழையும் எப்பாக்ஸியும். இது ஆள் ஏறிப் போகிற விமானம். இந்த வகை விமானங்களைப் பெரும்பாலும் வெள்ளையாக வைத்திருப்பது அழகுக்காக இல்லை. கறுப்படித்தால் வெயிலில் சூடேறிப் பலம் குறையும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், எடை. பையனும் நானும் கணக்குப் போட்டோம். இறக்கை 120 செ.மீ. நீளம், 20 அகலம். நுரையின் எடை சுமார் 80 கிராம். இருபக்கமும் பிரஷ்ஷால் ஒரு கோட் அடித்தால், காய்ந்த பிறகு ஏறக்குறைய 28 கிராம் கூடும். மூன்று கோட் என்றால் பெயின்ட்டின் எடையே இறக்கையின் எடை! வாலில் அடித்தால் இன்னும் மோசம். அங்கே ஒரு கிராம் கூடினால், சமன் செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டியிருக்கும்.

நாசாவுக்கும் இதே பிரச்னை வந்தது. விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருள் தொட்டிக்கு மேல் நுரைப் போர்வை உண்டு. 1981-ல் முதல் இரண்டு பயணங்களுக்கு அதை வெள்ளையடித்து அனுப்பினார்கள். 1982-ல் மூன்றாவது பயணத்திலிருந்து பெயின்ட் கிடையாது. மிச்சம் சுமார் 270 கிலோ. படங்களில் பார்க்கிறோமே அந்த ஆரஞ்சுப் பழுப்பு, அது நுரையின் சொந்த நிறம். அதே மாதிரித் தொட்டியிலிருந்து 2003 ஜனவரியில் பிய்ந்த, ஒரு கிலோகூட இல்லாத நுரைத்துண்டுதான் கொலம்பியாவின் இடது இறக்கையை உடைத்தது. பிப்ரவரி 1-ம் தேதி கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் திரும்பி வரவில்லை. காற்றுதானே என்று நுரையை அலட்சியப்படுத்த முடியவில்லை.

பையன் யோசித்து முடிவெடுத்தான். மூக்குக்கும் வயிற்றுக்கும் செல்லோடேப். இறக்கையின் மேல்பக்கம் டிஷ்யூ, ஒரே கோட் சிவப்பு. கீழ்ப்பக்கம் ஒரே ஒரு கறுப்புப் பட்டை, பறக்கும்போது தலைகீழாகப் போகிறதா என்று தெரிவதற்கு. பாக்கியெல்லாம் பச்சைத் தெர்மாகோல், பிறந்த மேனியாக.

லீவின் பதினெட்டாம் நாள், தண்ணீர் வற்றிய ஏரி ஒன்றில் நாலு நிமிஷம் பறந்தது. இறங்கும்போது குப்புற விழுந்து புல்லில் சறுக்கியது. அப்பா ஓடிப்போய் எடுத்து, குழந்தையைத் திருப்புவது போலத் திருப்பிப் பார்த்தார்.

‘‘கீழ ஏன்டா பெயின்ட்டே அடிக்கலை? டயம் இல்லையா?’’

‘‘பதினாலு கிராம்ப்பா’’ என்றான்.