பதினான்காவது கோரிக்கை

தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருந்துகொண்டே காண்ட்ராக்டருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான். தலைக்கு இவ்வளவு என்று காசும் வாங்கியிருக்கிறேன். ஒரகடம் பக்கம் காருக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சங்கத்தின் இணைச் செயலாளர். ஊருக்கு வந்தால் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பையன்களுக்கு வேலை வாங்கித் தரும் அண்ணன். கம்பெனியின் பெயரும் சங்கத்தின் பெயரும் இங்கே வேண்டாம். சொன்னால் பழி அங்கே போய்விடும். செய்தது நான்.

தண்டராம்பட்டுப் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் மல்லாட்டை, பெய்யாவிட்டால் கடன். ஐடிஐயில் ஃபிட்டர் முடித்துவிட்டு நான் வேலை தேடிப் போன காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் வளர்ந்துகொண்டிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோவை இறக்கியிருந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு. பிற்பாடு ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது. ஒவ்வொரு பெரிய கம்பெனியின் பின்னாலும் சீட்டு, பம்பர், பிரேக், வயரிங் செய்து கொடுக்கும் கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. நான் டிரெய்னியாகச் சேர்ந்தேன், பர்மனென்ட் ஆனேன். எனக்குப் பின்னால் சில வருஷத்தில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவன் காண்ட்ராக்டர் வழியாகத்தான் வரவேண்டும் என்று ஆனது. அடைத்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. நான் உள்ளே இருந்தேன்.

எங்கள் மாவட்டத்தில் செய்யாறு சிப்காட் வந்தது உண்மை. ஆனால் தண்டராம்பட்டு, செங்கம், கலசப்பாக்கம் பக்கத்துப் பையன்களுக்கு வேலை என்றால் இன்றைக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இல்லாவிட்டால் ஓசூர். கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் ஊர் நிறைந்துவிடும்போது நானும் வருவேன். கம்பெனி பேர் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், ஆட்கள் தேடி வருவார்கள். “தம்பி, எம்புள்ளய எங்கனாச்சும் சேத்து உடுப்பா” என்று வயசான அம்மாக்கள் கையைப் பிடிப்பார்கள். மாமன் முறை, மச்சான் முறை, ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்து ஊர் என்கிற முறை.

காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் முதல் தடவை கவரை நீட்டியபோது “பஸ் செலவுக்கு வச்சிக்கங்கண்ணே” என்றான். பஸ் செலவுக்கு அவ்வளவு ஆகாது என்று எண்ணிப் பார்த்தபோதே தெரிந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த தடவை அவன் சாக்கு எதுவும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

பையன்களிடம் நான் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான். “ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிக்கினு இரு, பர்மனென்ட் ஆயிடும்.” அது பொய் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கம்பெனியில் யாரும் இல்லை. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-இலேயே சட்டம் வந்துவிட்டது. கேட் மீட்டிங்கில் அதை விளக்கிப் பேசுகிறவனே நான்தான். அதிலிருந்து எப்படித் தப்பிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நாள் கூடி வரும்போது பையனைக் கொஞ்ச நாள் ‘பிரேக்’ என்று உட்கார வைப்பார்கள். அல்லது ஏஜென்சி பெயர் மாறும், அடையாள அட்டை மாறும், காகிதத்தில் அவன் புது ஆள். நேற்று நின்ற அதே மெஷினில்தான் இன்றும் நிற்பான்.

எங்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, அவர்களுக்கு நீலம். அதே லைன், அதே டார்க் கன், அதே டார்கெட். சம்பளம் மட்டும் என்னுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. எனக்குக் காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ். அவர்களுக்குச் சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறை. ஒருவன் பாயை விட்டு எழுந்து போவதற்குள் அடுத்தவன் ஷிப்ட் முடிந்து வந்து நிற்பான். ஒருமுறை அந்த அறைக்குப் போயிருக்கிறேன். பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. “நல்லாத்தான்டா இருக்குது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பழைய ஒப்பந்தம் முடிந்து புதுக் கோரிக்கைப் பட்டியல் தயாரித்த வருஷம் பொதுக்குழுவில் ஒரு மூத்த தோழர் எழுந்து, காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். கை தட்டல் விழுந்தது. ‘480 நாள் முடித்த அனைவரையும் நிரந்தரமாக்குக’ என்பது பதினான்காவது கோரிக்கையாக ஏறியது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பட்டியலை எழுதியது நான்தான்.

பேச்சுவார்த்தை இழுத்தது. கடைசியில் சம்பள உயர்வில் ஒரு தொகைக்கு நிர்வாகம் இறங்கி வந்தது, எங்களில் யாரும் எதிர்பார்க்காத தொகை. பர்சனல் மேனேஜர் டீயை ஆற்றிக்கொண்டே, “பதினாலை எடுத்துட்டா இன்னிக்கே முடிச்சிக்கலாம் சார்” என்றார். எங்கள் தலைவர் பேசாமல் என்னைப் பார்த்தார். மூத்த தோழர் அந்தக் குழுவில் இல்லை. முதலில் வாயைத் திறந்தவன் நான். “முதல்ல நம்ம ஆளுங்களுக்கு முடிப்போம். அவங்களுக்கு அடுத்த ஒப்பந்தத்துல பாத்துக்கலாம்.” நான்தான் அந்த வரியின் மேல் கோடு போட்டேன். பதினைந்தைப் பதினான்காகத் திருத்தினேன், பதினாறைப் பதினைந்தாக. தொழிலாளர் அலுவலகத்தில், அன்று அமலில் இருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவுப்படி ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்படிக் கையெழுத்தானால் சங்கத்தில் இல்லாத தொழிலாளியையும், நாளை வேலைக்குச் சேரப் போகிறவனையும்கூட அது கட்டுப்படுத்தும். எங்கள் பக்கத்திலேயே நின்று வேலை செய்த நீலச் சட்டைக்காரனுக்கு மட்டும் அதில் ஒன்றும் இல்லை. கேட்டில் வெடி வெடித்தோம், லட்டு கொடுத்தோம். வந்த அரியர்ஸ் பணத்தில் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் என் வீட்டுக்கு மாடி எடுத்தேன்.

பேச்சுவார்த்தையில் ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொதுவாக உண்மைதான், என் விஷயத்தில் முழு உண்மை இல்லை. அந்தக் கோரிக்கை நிறைவேறியிருந்தால் டீக்கடையில் எனக்கு வேலை இருந்திருக்காது. கவர் நின்றிருக்கும், அம்மாக்கள் கையைப் பிடிப்பதும் நின்றிருக்கும். பேனாவை எடுத்தபோது அது மனசில் ஓடியதா என்று கேட்டால், ஓடியது.

வரலாறு தெரியாதவன் செய்த காரியம் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையை மே தினம் தவறாமல் பேசியிருக்கிறேன். செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடு, வாடியா, திரு.வி.க. என்று பெயர்களை அடுக்குவேன். மூன்றே வருஷத்தில், 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில், அந்தச் சங்கம் என்ன பாடுபட்டது என்பதைப் பேச மாட்டேன். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் போராட்டத்தில் நிற்கவில்லை. புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். வேலைநிறுத்தம் தோற்றது, சங்கம் ஒடிந்தது. ஆலைக்குள்ளேயே ஒரு கூட்டத்தைத் தன்னவர்களாக ஆக்கிக்கொள்ளாத சங்கத்துக்கு அதுதான் கதி என்கிற பாடம் நூறு வருஷத்துக்கு முன்பே நம் ஊரில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

மறுபக்கமும் தெரியும். 2011 அக்டோபரில் மானேசர் மாருதி ஆலையில் காண்ட்ராக்ட் தொழிலாளர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை என்பதற்காக நிரந்தரத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் அங்கே வன்முறை வெடித்ததும், ஓர் அதிகாரி இறந்ததும், தொழிலாளர்கள் சிறைக்குப் போனதும் வேறு விஷயம். அந்த அக்டோபரில் அவர்களுக்கு இருந்த துணிவில் கால்வாசியாவது எனக்கு இருந்திருக்கலாம். என் வழியில் போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் கார் தொழிலாளர்களின் பெரிய சங்கமான யுஏடபிள்யூ, 2007-இல் புதிதாகச் சேருகிறவனுக்குக் கிட்டத்தட்ட பாதிச் சம்பளம் என்று ஒப்புக்கொண்டது. பழைய ஆட்களைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்றது. அந்த இரண்டு அடுக்கை இடிக்க 2023-இல் மூன்று பெரிய கம்பெனிகளிலும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டிவந்தது. ‘அடுத்த ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற என் வசனத்துக்கு அங்கே பதினாறு வருஷம் ஆகியிருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்த கையோடு பையன்கள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், சந்தா கட்டுகிறோம் என்றார்கள். “பைலாவுல எடமில்லடா” என்றேன். பைலாவில் இடம் இருந்தது. ‘ஆலையில் பணிபுரியும் எவரும்’ என்றுதான் அதில் இருந்தது. அன்று அமலில் இருந்த 1926-ஆம் வருஷத் தொழிற்சங்கச் சட்டமும் அவர்களை ஒதுக்கவில்லை. தொழில் தகராறு யாரோடு நடக்கிறதோ அந்த முதலாளியிடம் நேரடியாக வேலை பார்க்காதவனும் தொழிலாளிதான் என்றது அதன் விளக்கம். அவர்களைச் சேர்த்தால் அடுத்த தேர்தலில் அவர்கள் ஓட்டுதான் அதிகம். இணைச் செயலாளர் நாற்காலி யாருக்குப் போகும் என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்திருந்தேன். அவர்கள் பைலாவைக் காட்டு என்று கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பிக்கொண்டு போனார்கள்.

கொரோனாவுக்கு முன்னால், அந்த ஒப்பந்தம் காலாவதியான பிறகு, நிர்வாகம் எங்கள் முன்னணி ஆட்களை சஸ்பெண்ட் செய்தது. ஸ்டிரைக் அறிவித்தோம். மூன்றாம் நாள் திரை போட்ட வேன்களில் நீலச் சட்டைகள் வந்து இறங்கின. கூட்டம் ஒரு வேனை மறித்தது. இறங்கியவன் எங்கள் பக்கத்து ஊர்ப் பையன். நான் அனுப்பி வைத்தவன்தான். நான் மைக்கில் “கருங்காலி” என்று கத்தினேன். அவன் கோபப்படவே இல்லை. பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: “ண்ணா, உள்ள போவலன்னா ரூம் வாடகைய யாரு குடுப்பா? உங்க சங்கத்துல எங்களுக்கு எடமில்லன்னு நீங்கதான சொன்னீங்க?” போலீஸ் அவனைக் கேட்டுக்குள் கொண்டுபோய் விட்டது. எனக்குப் பதில் இருக்கவில்லை. மைக் கையில் இருந்ததால் இன்னும் சத்தமாகக் கோஷம் போட்டேன்.

லைன் நிற்கவில்லை. பாதிக்கு மேல் உற்பத்தி நடந்தது. கேட்டதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். சஸ்பெண்ட் ஆனவர்களில் சிலருக்கு வேலை போயே போய்விட்டது. அவர்களில் அந்த மூத்த தோழரும் ஒருவர். அடுத்த கூட்டத்தில் “காண்ட்ராக்ட் பசங்க நம்ம முதுகுல குத்திட்டாங்க” என்று பேசி, அதற்கும் கை தட்டல் வாங்கினேன்.

இப்போது விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன், வேங்கிக்கால் மாடியில்தான் இருக்கிறேன். இன்றும் ஆட்கள் கேட்டு வருகிறார்கள். சூப்பர்வைசர் நம்பரைக் கொடுக்கிறேன், வேறு வேலை ஊரில் இல்லை. கவர் வாங்குவதில்லை. சேர்ந்த தேதியை எழுதிவை, ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்து, பிஎஃப், இஎஸ்ஐ நம்பரைக் கேட்டு வாங்கு என்று சொல்லி அனுப்புகிறேன். ‘பர்மனென்ட் ஆயிடும்’ என்பதை மட்டும் விட்டுவிட்டேன். இதனால் பழையது எதுவும் நேராகிவிடாது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. பல சங்கங்கள் இருக்கும் ஆலையில், அதன் வருகைப் பதிவேட்டில் இருக்கும் தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கமே நிர்வாகத்தோடு பேசும் ஒரே சங்கம் என்கிறது அது. காண்ட்ராக்ட் பையனின் பெயர் காண்ட்ராக்டரின் பதிவேட்டில்தான் இருக்கும், இந்த எண்ணிக்கையில் அவன் வர மாட்டான். நான் பேனாவால் செய்ததை இனி யாரும் பேனா எடுக்காமலே செய்துகொள்ளலாம். மொத்த லைனில் சிறுபான்மையாகிவிட்ட பர்மனென்ட் ஆட்களின் 51 சதவீதத்தை வைத்துக்கொண்டு, ஆலை முழுக்க நாங்கள்தான் என்று சங்கம் பேசலாம். அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஸ்டிரைக் அன்று கேட்டில் நின்று பார்த்தால் தெரியும்.

இன்று சங்கப் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு நான் புத்தி சொல்லத் தகுதி இல்லாதவன். தகுதி இல்லாதவனுக்குத் தெரிந்த ஒன்று உண்டு. ‘இதை எடுத்துவிட்டால் இன்றைக்கே முடித்துக்கொள்ளலாம்’ என்று நிர்வாகம் கேட்பது அவர்களுக்கு எது அதிகம் வலிக்குமோ அதைத்தான். எங்களிடம் அவர்கள் போனஸையோ, கேன்டீனையோ, பஸ்ஸையோ எடுக்கச் சொல்லவில்லை. பதினாலை எடுக்கச் சொன்னார்கள். அதன் விலை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது, விற்றுவிட்டேன்.