விரைவும் தடையும்

விரைந்து செல்லும் ஆற்றலைப் போற்றாதார் இல்லை. உரிய இடத்தில் நிற்கும் ஆற்றலைப் போற்றுவாரோ சிலரே. திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவரும் நாம், அதன் பொருளை ஒரு பழைய மகிழுந்தினுள் அமர்ந்தே முழுமையாக உணர்ந்தோம் என்று கூறின் மாணவர் நகைப்பர். நகைப்பினும் குற்றமில்லை, நிகழ்ந்தது அதுவே.

மறைமலை நகரில் உருவாகி 1999-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஐகான், அந்நாளில் விரைவை விரும்பிய நடுத்தரக் குடும்பத்தாரின் கனவாக இருந்தது. அதிலும் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய வகை 90 குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட வலிமை உடையது. அத்தகைய வண்டி ஒன்றை நம் அண்ணன் 2003-இல் வாங்கித் தம் பிள்ளைக்கு நிகராகப் பேணினார். 2020-இல் அவர் வஃபாத்தான பின்னர், அது மூன்றாண்டுகள் கொட்டகையில் உறங்கிற்று. கல்லூரிப் படிப்பை முடித்த அண்ணன் மகன் அதனை எழுப்பினான். எஞ்சினுக்குப் புதிய ஆயிலும், நான்கு புதிய டயர்களும், புதிய பேட்டரியும் வந்தன. பிரேக்கை மட்டும் எவரும் திறந்து பார்த்திலோம். ஓடுவதற்கு வேண்டியவற்றை எண்ணிய நாம், நிற்பதற்கு வேண்டியதை எண்ணாது விட்டோம்.

அப்பிழையின் பயன் வால்பாறையிலிருந்து ஆழியாற்றுக்கு இறங்கும் மலைப்பாதையில் விளைந்தது. அப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 40. பிள்ளை வண்டியைச் செலுத்தினான். நாம் அருகிலும், அண்ணியார் பின்னிருக்கையிலும் அமர்ந்திருந்தோம். வளைவுதோறும் அவன் பிரேக்கையே மிதித்து வந்தான். பாதி வழியில் கருகல் நெடி எழுந்தது. அடுத்த வளைவுக்குள், "சின்னத்தா, பிரேக் பிடிக்கல!" என்று அலறினான். பெடல் பஞ்சுபோல அடிவரை இறங்கிவிட்டது. கியரை இரண்டாவதற்கு இறக்கச் சொல்லி, நாம் ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக உயர்த்தினோம். வண்டி மலைச்சுவரை உரசி நின்றது. எதிரே வந்த பேருந்து ஒன்று நம்மைக் கடந்து சென்றது. அண்ணியார் ஒரு சொல்லும் கூறவில்லை. மகனின் தோளைப் பற்றிய கையை நெடுநேரம் எடுக்கவும் இல்லை.

பொள்ளாச்சியில் முதிய மெக்கானிக் ஒருவர், கறுத்துப்போன பிரேக் ஆயிலை ஒரு குப்பியில் வடித்துக் காட்டினார். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. டாட் 4 என்னும் தரமுடைய ஆயில் புதிதாய் இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரையிலேனும் கொதியாது; ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 வரை இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் டிஸ்க்கில் பிறந்த வெப்பம் ஆயிலை எட்ட, அது கொதித்து ஆவியாயிற்று. நீர்மம் அழுந்தாது, ஆவியோ அழுந்தும். ஆகவே மிதித்த விசை சக்கரத்தைச் சென்று சேரவில்லை. ஹேண்ட் பிரேக் கம்பியால் இயங்குவதாகலின் நம்மைக் காத்தது. குற்றம் வண்டியினுடையதன்று, நம்முடையது.

வீடு திரும்பிய பிள்ளை ஒரு பட்டியலோடு வந்தான். துளையிட்ட பெரிய டிஸ்க்குகள், செந்நிறம் பூசிய நான்கு பிஸ்டன் காலிப்பர்கள், பந்தயப் பேடுகள் எனக் கம்பெனி பொருத்திய யாவற்றையும் களைந்து, வெளிச்சந்தைப் பொருள்களை ஏற்றவேண்டும் என்றான். நாம் தயங்கவே, "அத்தா இருந்தா இதைத்தான் போட்டிருப்பாரு, சின்னத்தா" என்றான். தந்தையை இழந்த பிள்ளையின் வாயினின்று வந்த அச்சொல்லுக்கு உடனே மறுமொழி கூற இயலவில்லை. சில நாள் அவகாசம் கேட்டு, அறிந்தோரிடம் சென்று பாடம் கேட்டோம்.

40 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆக்கினால், நிறுத்துகையில் பிறக்கும் வெப்பம் இரு மடங்காகாது, நான்கு மடங்காகும். எனவே மீண்டும் மீண்டும் பெருவேகத்திலிருந்து நிறுத்தவேண்டிய பந்தயத் தடத்தில், வெப்பத்தைத் தாங்கும் பெரிய டிஸ்க் தேவையே. ஆயினும் வண்டியை இறுதியில் நிறுத்துவது டயர் தரையைப் பற்றும் பிடியன்றோ? இருக்கின்ற பிரேக்கே சக்கரத்தைப் பூட்டவல்லதாயின், ஒருமுறை நிறுத்தும் தூரத்தைப் பெரிய பிரேக் குறைத்துவிடாது. மேலும், முன்னே டிஸ்க், பின்னே டிரம் எனப் பகுத்த விசையில் முன்பக்கத்தை மட்டும் பெருக்கினால், முன்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொள்ளும், ஏ.பி.எஸ். இல்லாத நம் வண்டியில் அந்நேரம் ஸ்டியரிங் கைக்கு அடங்காது. பெரிய பிஸ்டன்களுக்கு வேண்டும் ஆயிலைப் பழைய மாஸ்டர் சிலிண்டரால் தள்ளவேண்டுமாயின் பெடல் இன்னும் ஆழ இறங்கும். பந்தயப் பேடுகளோ சூடேறிய பின்னரே நன்கு பிடிப்பவை. காலையில் தெருமுனையில் குறுக்கே ஓடிவரும் குழந்தை, பேடு சூடேறும்வரை காத்திராது.

வெளிச்சந்தைப் பொருள் யாவும் தாழ்ந்தது என்ற நம் எண்ணமும் பிழையே என அறிந்தோம். சென்னைப் பாடியில் 1962-இல் தோன்றிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள், மகிழுந்துத் தொழிற்சாலைகளுக்கும் கடைவீதிக்கும் ஆக இரண்டுக்கும் பொருள் வழங்குகின்றன. ஆதலின் பெட்டியின்மேல் உள்ள பெயரினும் பொருளின்மேல் உள்ள எழுத்தே நோக்கத்தக்கது. பேடுகள் பலவற்றின் முதுகில் 'எஃப் எஃப்' என்பதுபோல் ஈரெழுத்துகள் காணப்படும். முதலெழுத்து இயல்பான வெப்பத்திலும், அடுத்தது மிகுந்த வெப்பத்திலும் உராய்வின் அளவைக் குறிப்பன. 'எஃப்' என்பது 0.35 முதல் 0.45 வரை. அவ்வாறே டிஸ்க்கிலும், எவ்வளவு தேயும்வரை பயன்படுத்தலாம் என்னும் எல்லை பொறிக்கப்பட்டிருக்கும். ஏட்டையும் கல்வெட்டையும் படித்துப் பழகிய நாம், இருபதாண்டுகளாக நம்மைச் சுமந்த பொருளின் எழுத்தைப் படித்ததில்லை.

அவ்வேளையில் வண்டியின் கையறைப் பெட்டியில் அண்ணனின் சிறு குறிப்பேடு கிடைத்தது. அவர் கைப்பட, ஈராண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றிய நாள்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. இறுதி வரி 2018. அதனைப் பிள்ளையிடம் நீட்டினோம். அவன் நெடுநேரம் பார்த்திருந்தான். அத்தா இருந்திருப்பின் என்ன செய்திருப்பார் என்பதற்கு அவரே விடை எழுதி வைத்திருந்தார்.

கம்பெனி வகுத்த அளவிலேயே புதிய டிஸ்க்குகள், சாலைக்கு உரிய பேடுகள், டிரம்மிற்குப் புதிய லைனிங், புதிய டாட் 4 ஆயில் என முடிவாயிற்று. ஒன்றில் அவனே வென்றான். கம்பெனி ரப்பர் ஹோஸ்கள் கடையிற் கிடந்து முதுமை எய்தியவையாகவே கிடைத்தன. கிடப்பிலும் ரப்பர் மூப்படையும் என்று வாதிட்டு, எஃகுப் பின்னல் போர்த்திய வெளிச்சந்தை ஹோஸ்களை அவன் கொணர்ந்தான். அழுத்தத்தில் அவை உப்புவது குறைவு, பெடல் உறுதியாயிற்று. அவன் கூற்று சரியென ஒப்புக்கொண்டோம்.

பின்னர் அதே பாதையில் அதே மூவரும் இறங்கினோம். இம்முறை இரண்டாம் கியரே வண்டியைப் பிடித்து வந்தது. வளைவுகளில் மட்டும் அவன் பிரேக்கைத் தொட்டான். ஆழியாற்றில் இறங்கி முகர்ந்து பார்த்தோம்; கருகல் நெடி இல்லை. இறைவன்மீது பொறுப்பைச் சாட்டுமுன் ஒட்டகத்தைக் கட்டிவைக்க வேண்டும் என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை அண்ணியார் நினைவூட்டினார். எல்லாப் புகழும் இறைவனுக்கே.

வீடு சேர்ந்ததும் பிள்ளை அக்குறிப்பேட்டைத் திறந்து, தந்தையின் கையெழுத்துக்குக் கீழே அடுத்த வரியை எழுதினான்: "பிரேக் ஆயில் மாற்றப்பட்டது." அவ்வரிக்கும் முந்தைய வரிக்கும் இடையிலான வெற்றிடம் நம் கவனக்குறைவின் அளவு. அது மீண்டும் நேராதிருக்க அவனும் நாமும் பொறுப்பு.